மாட்டுக்குளம்பு லாம்பு

அத்தியாயம் ஐந்து

துப்பறிகிறவர் வீட்டுக்கு வருகிறவர்கள் வழக்கமாகக் கண்ணீரோடு வருவார்கள். குணலட்சுமி வாழைக்குலையோடு வந்தாள்.

ஒரு கையில் இதரைக்குலை, மற்றக் கையில் சாக்கு. குலையை வாசலில் இறக்கிவிட்டு, சாக்கைக் கொண்டுவந்து செபநாயகம் முதலியாருடைய மேசையில் வைத்தாள். சாக்கிலிருந்து சேற்றுத் தண்ணீர் ஒழுகி அன்றைய பத்திரிகையின் முதற்பக்கத்தை நனைத்தது. ஐரோப்பாவிலே சண்டை வருமா வராதா என்று அந்தப் பக்கத்தில்தான் எழுதியிருந்தார்கள். இனி அதை வாசித்தறிய வழியில்லை.

"குலை கூலிக்கு. சாக்கிலை இருக்கிறதுதான் வழக்கு," என்றாள்.

பஞ்சலிங்கம் குலையைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தான். "ஐயா, இப்பிடி ஒழுங்கான கட்சிக்காரர் எங்களுக்கு வாறது குறைவு. வழக்கை எடுப்பம்."

செபநாயகம் முதலியார் யாழ்ப்பாணக் கோட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து இளைப்பாறியவர். ஊராருடைய பொய்யையெல்லாம் தமிழிலிருந்து இங்கிலீசுக்கு மாற்றிக் கொடுத்தே தலை நரைத்த மனுஷன், கடைசிக் காலத்திலாவது உண்மையைப் பார்ப்போம் என்று துப்பறியப் புறப்பட்டதில் என்ன ஆச்சரியம்? சிரிக்கமாட்டார். சிரிக்கிறவர்களைத் தடுக்கவும் மாட்டார். பஞ்சலிங்கம் முன்னே நாடகக் கொட்டகையில் கோமாளி வேஷம் கட்டினவன். கொட்டகை எரிந்துபோனதும் முதலியாரிடம் உதவியாளாக வந்து சேர்ந்தான். கொட்டகையோடு அவனுடைய பகிடியும் எரிந்திருக்கலாமே என்று முதலியார் எப்போதாவது நினைப்பதுண்டு, சொன்னதில்லை.

சாக்கைப் பிரித்தார்கள். உள்ளே ஒரு மேசை லாம்பு. லாம்பு என்று சொல்வது மரியாதைக்காகத்தான். சேறும் சுண்ணாம்புக் கட்டியும் பிடித்து, கண்ணாடிச் சிமிலி இல்லாமல், எண்ணெய்க் குடுவை ஒரு பக்கம் நசுங்கி, பார்க்கப் பாவமாயிருந்தது.

"எங்கடை கிணத்திலை சேறு எடுத்தனாங்கள் ஐயா. சேத்தோடை உது வந்தது," என்றாள் குணலட்சுமி.

ஆவணி மாதம். நீர்வேலியில் கிணறுகளின் அடி தெரிகிற காலம். தண்ணீரை இறைத்துவிட்டுச் சேறு எடுப்பார்கள். அயலார், தெரிந்தவர்கள் எல்லாரும் வந்து கைகொடுப்பார்கள். தம்பிராசா வீட்டுக் கிணற்றுக்கும் அப்படித்தான் வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் இணுவிலிலிருந்து வந்தவர். மாப்பிள்ளையின் சிற்றப்பன்.

"எந்த மாப்பிள்ளை?" என்று கேட்டான் பஞ்சலிங்கம்.

"எனக்குப் பேசின மாப்பிள்ளை. இனி இல்லைப் போலை."

மிச்சத்தையும் அவள் அதே குரலில் சொன்னாள். அவளுடைய தகப்பன் தம்பிராசா ஒரு காலத்தில் நல்லூரில், கோட்டில் வழக்குப் பேசுகிற பிறக்கிராசியார் நேசராஜா வீட்டில் வேலைக்கு நின்றவர். அங்கே ஒரு நாள் மேசை லாம்பொன்று காணாமற் போயிற்று. தம்பிராசாவில் களவுப்பழி விழுந்தது, கோட்டுக்கும் போயிற்று. லாம்பு அகப்படாதபடியால் நீதவான் விட்டுவிட்டார்.

"வழக்குத்தான் தள்ளுபடி ஐயா. பழி தள்ளுபடியாகேல்லை. இப்ப அவற்றை கிணத்துக்கையிருந்தே லாம்பு வந்திட்டுது. பிறக்கிராசியார் கேள்விப்பட்டு ஆள் அனுப்பினவர். லாம்பு தன்ரையெண்டால் திரும்பவும் பொலிசுக்குப் போவாராம்."

"இணுவிலார் என்ன சொல்லினம்?"

"அவை ஒண்டும் சொல்லேல்லை. அதிலைதான் விளங்குது." சாக்கை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "மாப்பிள்ளை போனால் போகட்டும் ஐயா. அப்பா அண்டையிலையிருந்து சாப்பிடுறாரில்லை. சாப்பிடுங்கோ எண்டால் பசிக்கேல்லை எண்டுறார். நீங்கள் களவெடுத்தனீங்களோ எண்டு நேரையே கேட்டன். அதுக்கும் பசிக்கேல்லை எண்டுறார். உது பிறக்கிராசியாற்றை லாம்பு இல்லை எண்டு காட்டித் தாங்கோ. எனக்கு அது போதும்."

முதலியார் லாம்பின் அடியைத் திருப்பிப் பார்த்தார். மூன்று கால் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. எது என்ன கால் என்று சுண்ணாம்புக் கட்டி காட்டவில்லை.

"அந்த வழக்குக்கு நான்தான் மொழிபெயர்த்தனான்," என்றார். "பிறக்கிராசியாற்றை லாம்புக்கு மூண்டு கால். இரண்டு கால் சிங்கப் பாதம். மூண்டாவது கால் எப்பவோ உடைஞ்சுபோய், கன்னாரிட்டைக் குடுத்துப் புதுசாய் வார்ப்பிச்சவை. கன்னார் சிங்கத்தைக் கண்டதில்லை. கோயில் நந்தியைத்தான் கண்டிருக்கிறார். அவர் மாட்டுக்குளம்பு ஒண்டு வார்த்து ஒட்டிவிட்டார். நான் அதைச் சொல்ல, நீதவான் துரை என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டவர், முதலியார், சுகமில்லையோ எண்டு."

"அப்ப தேய்ச்சுப் பாத்தால் தெரிஞ்சுபோம். வழக்கு முடிஞ்சுது," என்றான் பஞ்சலிங்கம். "குலையிலை கை வைக்கலாமோ?"

"தேய்க்கிறதோடை நிக்கேலாது. திருத்தி எரியவைக்கவேணும். ஒரு சாமானைத் திருத்தினால்தான் அதை ஆர் எப்பிடிப் பாவிச்சது எண்டு தெரியும்." முதலியார் குணலட்சுமியின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, அந்தக் கிணத்திலை ஆரார் தண்ணி அள்ளுறது?"

"பாதிப் பங்கு எங்கடை. மற்றப் பாதி பின்வளவாற்றை. அங்கை இப்ப ஒருத்தரும் இல்லை. ஒரு ஆச்சி தனிய இருந்தவ. அவவின்ரை ஒரே பெட்டை மிஷன் பள்ளிக்கூடத்திலை படிக்கப் போய், கிறிஸ்து வேதத்துக்கு மாறி, அந்தப் பக்கமே கலியாணமும் முடிச்சுப்போட்டா. அதோடை போக்குவரத்து இல்லை. எங்கடை வீட்டிலையிருந்துதான் ஆச்சிக்குக் கஞ்சி போகும். நான்தான் கொண்டுபோறனான், சின்னப்பிள்ளையிலை."

"ஆச்சி எப்ப செத்தவ?"

"அப்பாவை வேலையாலை நிப்பாட்டின மாரிக்குத்தான். பெருமழை. காலமை கஞ்சியோடை போறன், ஆச்சி செத்துக் கிடக்கிறா. ஆனால் வடிவாய்க் கிடக்கிறா ஐயா. கண் மூடி, கை மடிச்சு, நெத்தியிலை திருநீறு. ஆரோ செய்துவிட்ட மாதிரி. எனக்குப் பயமே வரேல்லை."

அவள் போனபிறகு முதலியார் லாம்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சலிங்கம் அந்த நேரத்தை வீணாக்காமல் ஒரு சீப்பை முடித்தான்.

•

மறுநாள் முழுவதும் லாம்புக்குப் புளிக்குளியல்தான். புளியைக் கரைத்து ஊறவைப்பது, சாம்பலும் தும்பும் போட்டுத் தேய்ப்பது, கழுவுவது, திரும்பவும் புளி. முதலியார் கதிரையில் இருந்தபடி மேற்பார்வை பார்த்தார். தேய்த்தவன் பஞ்சலிங்கம். துப்பறியும் தொழிலில் மூளை வேலை முதலியாருக்கும் மற்ற வேலையெல்லாம் தனக்கும் என்று எப்போது தீர்மானமாயிற்று என்று அவனுக்கு ஞாபகமில்லை.

மத்தியானம் போலப் பித்தளை தலைகாட்டிற்று. முதலாவது கால் சிங்கப் பாதம். நகங்கள்கூடத் தெரிந்தன. இரண்டாவது காலும் சிங்கம். மூன்றாவது காலில் கட்டி கழன்று விழுந்ததும் பஞ்சலிங்கம் தேய்ப்பதை நிறுத்திவிட்டான்.

"ஐயா."

"சொல்லு."

"மாடு."

நடுவே பிளந்த, அழகான, சந்தேகத்துக்கே இடமில்லாத மாட்டுக்குளம்பு. இலங்கைத்தீவில் இரண்டு சிங்கப் பாதமும் ஒரு மாட்டுக்குளம்பும் உள்ள லாம்பு இரண்டு இருக்க வழியில்லை.

"வாழைக்குலையை வாங்கி வைச்சுக்கொண்டு கட்சிக்காரருக்கு எதிராய்ச் சாட்சி தேடின துப்பறிவாளர் நாங்களாய்த்தான் இருப்பம்," என்றான் பஞ்சலிங்கம். ஆனாலும் அந்தப் பெட்டை சாக்கை மடித்து மடியில் வைத்துக்கொண்டது அவன் கண்ணுக்குள்ளேயே நின்றது. "திரும்பவும் சேத்துக்கை போட்டுவிடட்டோ?"

"தலைப்பகுதியைக் கழட்டு," என்றார் முதலியார்.

திரி நிற்கிற தலைப்பகுதி குடுவையோடு இறுகிப் போயிருந்தது. சுடவைத்த தேங்காயெண்ணெய் விட்டு, மணலைச் சூடாக்கி ஒத்தடம் கொடுத்து, பஞ்சலிங்கம் தனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் சொல்லித் திருப்பியபிறகுதான் அது அசைந்தது. குடுவைக்குள் கறுத்த தண்ணீர். தண்ணீரைச் சரித்து ஊற்றியபோது சுருண்டுபோன நாடாத்திரி ஒன்று வழுக்கிக்கொண்டு வெளியே விழுந்தது. அதன் ஒரு முனை கருகியிருந்தது.

முதலியார் அதை ஒரு தட்டத்தில் எடுத்து வைத்து, பஞ்சலிங்கம் தொடாதபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"திரி உள்ளுக்கை கிடக்குது," என்றார்.

"வேறை எங்கை கிடக்கும் ஐயா? லாம்புத் திரி லாம்புக்கைதானே கிடக்கும்."

"அது பல்லுச் சக்கரத்திலை கவ்விக்கொண்டு மேலை நிக்கவேணும். இது கழண்டு குடுவைக்குள்ளை கிடக்குது."

"கிணத்திலை விழேக்கை கழண்டிருக்கும்."

"பாப்பம்," என்றார் முதலியார்.

பார்க்க இன்னும் ஒரு நாள் சென்றது. நசுங்கின குடுவையைத் தட்டி நிமிர்த்தி, ஒழுக்குக்கு ஈயம் பற்றவைத்து, பெரியகடையில் புதுத் திரியும் சிமிலியும் வாங்கிப் பொருத்தினார்கள். திரியைச் சக்கரத்தில் ஏற்றியபின் முதலியார் லாம்பைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கச் சொன்னார். பஞ்சலிங்கம் உலுக்கினான். கையில் குத்தினான். பூவரச மரத்தில் கயிறு கட்டி ஆட்டினான். திரி அசையவில்லை.

பிறகு எண்ணெய் விட்டுக் கொளுத்தினார்கள். மஞ்சளாக, நடுங்காமல், அறை முழுவதும் வெளிச்சம் பரவிற்று. எத்தனை காலம் கிணற்றடியில் கிடந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கோபமாயிருந்த பஞ்சலிங்கம்கூட ஒரு நிமிஷம் கோபத்தை மறந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

"சரி, நூர்," என்றார் முதலியார்.

பஞ்சலிங்கம் லாம்பை அணைக்கச் சக்கரத்தைப் பிடித்துத் திரியை இறக்கினான். சுடர் சிறுத்தது. இன்னும் இறக்கினான். சுடர் போயிற்று. அதோடு திரியும் போயிற்று. பல்லுச் சக்கரத்தை விட்டுக் கழன்று குடுவைக்குள் விழுந்துவிட்டது.

முதலியார் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏன்ரா, ஊதியிருக்கலாமே? சிமிலிக்கு மேலை ஒரு ஊது. எங்கடை வீட்டிலை எல்லாரும் அப்பிடித்தான்."

"நீங்கள் வேதக்காரர் ஊதுவியள். எங்கடை வீட்டிலை வாயாலை ஊதி விளக்கை நூர்த்தால் அம்மா சொண்டிலை சுண்டுவா. எச்சிற் காத்து விளக்கிலை படக்கூடாது. நான் இந்த வயசுமட்டும் ஒரு நெருப்புக்குச்சிகூட ஊதி நூர்த்ததில்லை."

சொல்லி முடித்தபிறகு, தான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது. தட்டத்தில் கிடந்த பழைய திரியைப் பார்த்தான். குடுவைக்குள் கிடக்கும் புதுத் திரியைப் பார்த்தான்.

"ஐயோ ஐயா. அப்ப கடைசியாய் இந்த லாம்பை நூர்த்தது சைவக்கார ஆள். தம்பிராசா அண்ணைக்கு நானே கயிறு திரிச்சுக் குடுத்திட்டன்."

"சைவக்கார ஆள்," என்றார் முதலியார். "அதோடை லாம்பு பழக்கமில்லாத ஆள். சைக்கிளை எடு."

•

தம்பிராசா வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். நெடுத்த, மெலிந்த மனுஷன். சாப்பிடாமலிருந்து இன்னும் மெலிந்திருந்தார். முதலியாரைக் கண்டதும் தோளிலிருந்த சால்வையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். குணலட்சுமி கிணற்றடியில் நின்று பார்த்தாள்.

"பிறக்கிராசியார் வீட்டு லாம்பை ஆர் பாக்கிறது?" என்று கேட்டார் முதலியார்.

"நான்தான் ஐயா. சிமிலி துடைக்கிறதும் நான், கொளுத்துறதும் நான், நூர்க்கிறதும் நான்."

"எப்பிடி நூர்ப்பீர்?"

"அங்கை எல்லாரும் ஊதுவினம். எனக்கு அது ஏலாது. ஓலை விசிறியாலை சிமிலிக்கு மேலை ஒரு தட்டுத் தட்டுவன்."

"சக்கரத்தைத் திருப்பி இறக்கிறேல்லையோ?"

"இறக்கினால் திரி உள்ளை விழுந்திடும் ஐயா. வேலைக்குப் போன முதல்நாள் அப்பிடி விழுத்திப்போட்டுப் பெரியம்மாவிட்டை, பிறக்கிராசியாற்றை தாயாரிட்டை, நல்ல பேச்சு வாங்கினனான். பிறகு அந்தப் பிழை விடேல்லை."

பஞ்சலிங்கம் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். அந்த வீட்டார் ஊதுகிறவர்கள். இவர் விசிறுகிறவர். அப்படியானால் திருப்பினது யார்? முதலியாரைப் பார்த்தான். அவருடைய முகத்தில் கோட்டுச் சுவரில் இருக்கிற அளவுக்குத்தான் விஷயம் இருந்தது.

"பின்வளவு ஆச்சியின்ரை மகளை உமக்குத் தெரியுமோ?" என்றார் முதலியார்.

தம்பிராசா வாய்க்காலைப் பார்த்தார். "தண்ணி மற்றப் பாத்திக்குப் போகுது ஐயா," என்று சொல்லி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். தண்ணீர் போகவேண்டிய பாத்திக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

"சரி. லாம்பு பிறக்கிராசியாற்றைதான்," என்று முதலியார் அவர் முதுகுக்குச் சொன்னார். "பின்னேரம் கொண்டுபோய்க் குடுக்கப்போறன்."

கிணற்றடியிலிருந்து குணலட்சுமி வந்தாள். அழுவாள் என்று பஞ்சலிங்கம் பயந்தான். அவள் அழவில்லை.

"அப்ப குலையைத் திருப்பித் தாங்கோ," என்றாள்.

பஞ்சலிங்கத்துக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. குலையில் மிச்சமிருந்தது தண்டு மட்டும்.

தம்பிராசா திரும்பி வந்தார். "பிள்ளை, சும்மா இரு. அது அவையளின்ரை சாமான், அவையளிட்டைப் போகட்டும்." பிறகு தயங்கி, "ஐயா, ஆற்றை கையிலை குடுக்கப்போறியள்?" என்று கேட்டார்.

"ஆற்றை கையிலை குடுக்கிறது?"

தம்பிராசா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பவும் வாய்க்காலுக்குப் போனார்.

•

பிறக்கிராசியார் நேசராஜா தம் விறாந்தையில் லாம்பைக் கண்டதும் அதன் காலைத்தான் முதலில் தடவிப் பார்த்தார். கோட்டில் எதிர்க்கட்சிச் சாட்சிகளை நடுங்க வைக்கிற மனுஷன், மாட்டுக்குளம்பைக் கண்டு சின்னப்பிள்ளைபோலச் சந்தோஷப்பட்டார்.

"அம்மாவின்ரை லாம்பு. இருட்டிலை தந்தாலும் அடையாளம் பிடிப்பன். ஐரிஸ், இஞ்சை வாரும், வந்து பாரும்."

அவருடைய மனைவி ஐரிஸ் உள்ளேயிருந்து வந்தார். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி, அமைதியான முகம். லாம்பைக் கண்டதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். மாட்டுக்குளம்பைப் பார்த்தால் யாருக்கும் தலைசுற்றும்தான் என்று பஞ்சலிங்கம் நினைத்தான்.

"எரியிதோ?" என்று கேட்டார் பிறக்கிராசியார்.

"எரியும்," என்றார் முதலியார். பஞ்சலிங்கம் கொளுத்தினான். வீட்டில் பெற்றோல்மாக்ஸ் இருந்தது, அதைப் பார்க்க ஒரு வேலைக்காரனும் இருந்தான். ஆனாலும் பிறக்கிராசியார் மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"என்ன வேலை பாத்திட்டான் பாருங்கோ. ஐரிஸ் சொல்லித்தான் உவனை வேலைக்கு எடுத்தது, தன்ரை ஊராள் எண்டு. கடைசியிலை கிணத்துக்கை போட்டு ஒளிச்சு வைச்சிருக்கிறான். திங்கட்கிழமை பொலிசுக்குப் போறன்."

ஊராள். பஞ்சலிங்கத்தின் காது நிமிர்ந்தது. இந்தத் தடவை அவன் கணக்கு முதலியாருக்கு ஓர் அடிதான் பிந்தியிருந்தது.

"பொழுது இன்னும் படேல்லை. எண்ணெய் வீணாய்ப் போகுது," என்றார் முதலியார்.

"ஓமோம். ஐரிஸ், உதை ஒருக்கா ஊதிவிடும்."

ஐரிஸ் லாம்புக்குக் கிட்ட வந்தார். குனியவில்லை. ஊதவுமில்லை. கை தன்பாட்டில் சக்கரத்துக்குப் போயிற்று. மெதுவாகத் திருப்பினார். சுடர் சிறுத்து, நீலமாகி, போயிற்று. திரி குடுவைக்குள் விழுந்தது.

"ஊதச் சொல்லியெல்லோ சொன்னனான்," என்றார் பிறக்கிராசியார். "திரியை விழுத்திப்போட்டீர்."

"அம்மா," என்றார் முதலியார், வழக்கத்தைவிடத் தணிந்த குரலில். "கிணத்திலையிருந்து எடுக்கேக்கையும் திரி உள்ளுக்கைதான் கிடந்தது."

ஐரிஸ் சக்கரத்திலிருந்து கையை எடுக்கவில்லை. "தம்பிராசா அண்ணை என்ன சொன்னவர்?" என்று கேட்டார்.

"ஒண்டும் சொல்லேல்லை. அண்டைக்குக் கோட்டிலையும் சொல்லேல்லை. இண்டைக்கும் சொல்லேல்லை. சாப்பிடுறாருமில்லை."

அந்தக் கடைசிச் சொல்தான் அவரை உடைத்தது. கதிரையில் இருந்துகொண்டு சொன்னார்.

"அவர் எடுக்கேல்லை. நான் கொண்டுபோனனான். நீங்கள் அப்ப கொழும்பிலை, வழக்குக்கு. நீர்வேலியிலை என்ரை அம்மா சாகக் கிடக்கிறா எண்டு தம்பிராசா அண்ணைதான் வந்து ரகசியமாய்ச் சொன்னவர். அந்த வீட்டுப் படி மிதிக்கக்கூடாது எண்டு மாமி என்னட்டைச் சத்தியம் வாங்கியிருந்தவ. மாமி கேட்டால் நான் செபக்கூட்டத்துக்குப் போட்டன் எண்டு சொல்ல அவரை இஞ்சை நிப்பாட்டிப்போட்டு, மாட்டுவண்டில் பிடிச்சுப் போனன். அம்மாவுக்குக் கண் மங்கல். கைவிளக்கு வெளிச்சத்திலை என்ரை முகம் தெரியாது. வீட்டிலை பெரிய வெளிச்சம் இந்த லாம்புதான்."

பிறக்கிராசியார் லாம்பை விட்டு ஓர் அடி பின்னே போனார்.

"அம்மா போனாப்பிறகு கண்ணை மூடிவிட்டன். திருநீறு பூசிவிட்டன். லாம்பை நூர்த்தன். செத்தவீட்டாலை வந்தால் குளிக்கவேணும், என்ன வேதத்துக்கு மாறினாலும் எனக்குக் குளிக்காமல் வர மனம் வரேல்லை. லாம்பைக் கிணத்துக்கட்டிலை வைச்சிட்டு மழைக்குள்ளை நிண்டு அள்ளி வாத்தன். துலாக்கயிறு பட்டு விழுந்திட்டுது."

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே?" என்றார் பிறக்கிராசியார்.

"சொல்லியிருந்தால் போக விட்டிருப்பியளோ?"

எந்தக் கேள்விக்கும் மறுகேள்வி வைத்திருக்கிறவர் பிறக்கிராசியார். இந்தத் தடவை மாட்டுக்குளம்பைத்தான் பார்த்தார்.

"வழக்குத் தள்ளுபடி எண்டதும் அதோடை முடிஞ்சுது எண்டு நினைச்சன். நினைக்க எனக்கு வசதியாயிருந்தது," என்றார் ஐரிஸ். பிறகு எழுந்து லாம்பைக் கையில் எடுத்தார். "காரை எடுக்கச் சொல்லுங்கோ."

லாம்பை இருட்டிலும் அடையாளம் பிடிக்கிற பிறக்கிராசியாரைப் பற்றிப் பஞ்சலிங்கத்துக்கு ஒரு பகிடி வாய்வரைக்கும் வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டான்.

•

நீர்வேலியில் கார் போய் நின்றபோது தம்பிராசா வீட்டு முற்றத்தில் இணுவில் சிற்றப்பன் நின்றார். மாப்பிள்ளையின் சாதகக் குறிப்பைத் திருப்பி வாங்க வந்திருந்தார்; வாங்கி மடியிலும் கட்டிவிட்டார். சொல்லவேண்டியதை அவருக்கும் கேட்கத்தக்கதாக ஐரிஸ் முற்றத்தில் நின்றே சொன்னார். ஒன்றையும் விடவில்லை. பிறக்கிராசியார் பக்கத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில், "தம்பிராசா, பிழை எங்கடை வீட்டிலை," என்றார். அவருடைய வாயிலிருந்து அவ்வளவு சின்ன வசனம் அதற்கு முன்னே யாரும் கேட்டதில்லை.

இணுவில் சிற்றப்பன் தொண்டையைச் செருமினார். மடியை அவிழ்த்துக் குறிப்பை எடுத்துத் திரும்பவும் நீட்டினார்.

"வைச்சிட்டுப் போங்கோ," என்றாள் குணலட்சுமி. "யோசிச்சுச் சொல்லுறம்."

தம்பிராசா இதொன்றையும் கவனிக்கவில்லை. குறிப்பையும் பார்க்கவில்லை, பிறக்கிராசியாரையும் பார்க்கவில்லை. சால்வையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஐரிஸ் முன்னே வந்து நின்றார். இத்தனை வருஷமும் கேட்க வழியில்லாமற் போன ஒரு கேள்வி அவரிடம் இருந்தது.

"நீங்கள் போய்ச் சேரேக்கை ஆச்சிக்கு உயிர் இருந்ததோ, தங்கச்சி? முகத்தைக் கண்டவவோ?"

ஐரிஸ் லாம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"கண்டவ அண்ணை. லாம்பைக் கிட்டப் பிடிச்சன். பராசக்தி எண்டு என்ரை பழைய பேர் சொல்லிக் கூப்பிட்டவ."

தம்பிராசா தலையை ஆட்டினார்.

"அப்ப சரி," என்றார்.

லாம்பை ஐரிஸிடமிருந்து வாங்கித் திண்ணைக் குந்தில் வைத்தார். தலைப்பகுதியைத் திருகிக் கழற்றி, உள்ளே விழுந்த திரியை விரலால் எடுத்து, சக்கரத்தில் ஏற்றிக் கொளுத்தினார். பொழுதுபட்டுக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் ஐரிஸ் அழுதது எல்லாருக்கும் தெரிந்தது. பஞ்சலிங்கம் தன் முகத்தை வாழைப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"பிள்ளை," என்று தம்பிராசா உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "சோறு கிடக்கோ?"

குணலட்சுமி கோப்பையோடு வந்தாள். அவர் லாம்புக்குப் பக்கத்தில் இருந்து, ஒருவரோடும் கதைக்காமல் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.